பட்ட மரம் எவர்க்குரியது?

கழிவு என்பது ஒரு பொருளின் குணத்தைச் சுட்டும் சொல்லன்று. அப்பொருளை நோக்குபவரின் தேவை எவ்விடத்தில் முடிகின்றது என்பதைச் சுட்டும் சொல்லாகும். தச்சனுக்குச் சீவல் கழிவு. அடுப்படியில் நிற்பவளுக்கு அதுவே நெருப்பு மூட்டும் பொருள். மரக்காலையில் தள்ளிவிடப்படும் புறப்பலகை கோழிக்கூட்டுக்குச் சுவராகின்றது. யாழ்ப்பாணத்துச் சிற்றுழவர் இவ்வுண்மையை நூல்வழி அறிந்தவரல்லர். பனையை வைத்து அறிந்தவர். அம்மரத்தின் ஓலை கூரையாகவும் வேலியாகவும் நின்று, பழையதானபின் தோட்டத்துக்குப் பசளையாயிற்று. பன்னாடை வடிகட்ட உதவிற்று. கிழங்கு பிளந்தெடுத்த ஊமல் காய்ந்து அடுப்பை அடைந்தது. மரம் தறிக்கப்பட்டபோது வளையும் சிலாகையும் கிடைத்தன. கழிவே இல்லாத மரம் என்ற பெருமை இவ்வாழ்க்கை முறையினின்றும் பிறந்ததேயாகும்.

ஆயின் இப்பெருமையினுள்ளே ஓர் அறவினா மறைந்து கிடக்கின்றது. எதனையும் வீணாக்காத ஒருவர் எதனையாயினும் பிறவுயிர்க்கு விட்டுவைக்கின்றாரா? கடைசிச் சுள்ளிவரை தன் தேவைக்கே பயன்கொள்ளும் சிக்கனம் ஒரு நற்பண்பா, அன்றி ஏழ்மையின் உடையணிந்த பேராசையா? இவ்வினாவை மாளிகை வாழ்வாரை நோக்கிக் கேட்பது எளிது. சிறுகாணி ஒன்றை வைத்துச் சிக்கனமாக வாழ்பவரை நோக்கிக் கேட்கும்போதே அதன் கடினம் புலப்படும்.

வன்னியின் உட்கிராமம் ஒன்றில் ஓரேக்கரோ இரண்டேக்கரோ கொண்ட காணியொன்றை மனத்திற் கொள்ளலாம். மின்கம்பி பெருந்தெருவோடு நின்றுவிட்டது. அல்லது வந்தும் கட்டணத்துக்கு அஞ்சி இணைப்புப் பெறப்படவில்லை. கூரையிலுள்ள சிறு சூரியத் தகடு இரவில் இரண்டு விளக்குக்குப் போதுமானது. வேலியோரத்திற் கிளுவையும் பூவரசும். வளவினுள் முருங்கையும் மாவும் சில தென்னைகளும். எல்லையில் ஒரு பாலை, நான்கைந்து பனைகள். இத்தகைய காணியில் ஆண்டுதோறும் மரம் சேர்ந்துகொண்டேயிருக்கும். காற்றில் முறிந்த கொப்பு, கதியால் வெட்டியபோது எஞ்சிய தடி, கூரை மாற்றும்போது கழற்றிய உளுத்த சிலாகை, வேரோடு கிளப்பிய அடிக்கட்டை, நின்றபடியே பட்டுப்போன மரம் எனப் பல வகையாக அது சேரும். நல்லவை விறகாகும். ஏனையவை பெரும்பாலும் ஒரு மூலையிற் குவித்துக் கொளுத்தப்படும். துப்புரவு என்பது இச்செயலுக்குக் காரணமாகக் கூறப்படுவது.

இக்குவியலில் எரிவது எது என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும். பட்ட மரம் உயிரற்ற மரமன்று. உயிருள்ள மரத்தின் உயிரணுக்களிற் பெரும்பகுதி பட்டைக்கு அடுத்த மெல்லிய படையிலேயே அமைந்துள்ளது. உள்ளிருக்கும் வைரம் மரம் நிற்கும்போதே இறந்த பகுதிதான். மரம் பட்டபின்னர் அவ்வைரத்துக்குள் உயிர்கள் பெருமளவிற் குடிபுகுகின்றன. பூஞ்சணம் முதலில் நுழைந்து மரத்தை மெதுமையாக்கும். வண்டுகளின் புழுக்கள் அதன்வழிக் குடைந்து செல்லும். அப்புழுக்களைத் தேடி மரங்கொத்தி வரும். வட இலங்கையிற் காணப்படும் பொன்முதுகு மரங்கொத்தி, தென்பகுதியிலுள்ள தன் செம்முதுகு உறவினத்தைப் போலவே, தன் அலகால் மரத்தைத் துளைத்துப் பொந்து அமைத்துக் குஞ்சு பொரிக்கும். குக்குறுவானும் உக்கிய கொப்பில் தானே பொந்து குடைந்துகொள்ளும். இப்பறவைகள் விட்டுச்சென்ற பொந்துகள் அடுத்த பருவத்தில் வேறு பறவைகளின் வீடாகின்றன. கிளி, மைனா, குண்டுகரிச்சான், சிற்றாந்தை போன்றவை மரத்தைக் கொத்திப் புதுப்பொந்து அமைக்கும் ஆற்றல் பெற்றவையல்ல. பிறர் அமைத்தவற்றையும் மரம் தானே உக்கி உண்டாகும் துளைகளையுமே அவை நம்பியிருக்கின்றன. காய்ந்த முருங்கைக் கொப்பையோ கூரைமரத்தையோ வட்டமாகத் துளைத்துக் கருவண்டு தன் முட்டைகளுக்கு அறை கட்டும். மண்ணில் வீழ்ந்த கட்டையைக் கறையான் உண்டு மண்ணோடு சேர்க்கும்; அக்கறையானை நம்பி வன்னிக் காடுகளிற் கரடி வாழ்கின்றது.

ஒக்ஸ்பேர்ட்டை அடுத்த வைத்தம் காட்டினைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உயிரியலறிஞர் சாள்ஸ் எல்ரன், 1966ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், வீழ்ந்த மரங்களையும் உக்கத் தொடங்கிய மரங்களையும் காட்டிலிருந்து அகற்றிவிட்டால் அங்குள்ள விலங்கினங்களில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இல்லாதொழியலாம் என மதிப்பிட்டார். ஆங்கில நாட்டுக் காட்டின் கணக்கை வன்னிக் காணிக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. எனினும் பட்ட மரம் ஒரு குடியிருப்பு என்ற அடிப்படை எங்கும் ஒன்றே.

இவ்விடத்தில் ஒரு செய்தி மனங்கொளத்தக்கது. கட்டை எவ்வளவுக்கு உக்குகின்றதோ அவ்வளவுக்கு அது விறகாகப் பயனற்றுப்போகின்றது. அதே அளவுக்குப் புழுபூச்சிகளுக்கு உகந்ததாகின்றது. அடுப்பு விரும்புவது காய்ந்த வைரத்தை. வண்டு விரும்புவது ஈரம் ஏறிய உக்கலை. ஆகவே மனிதரின் அடுப்புக்கும் ஏனைய உயிர்களின் வீட்டுக்கும் இடையே உள்ளதாகச் சொல்லப்படும் பகை பெரும்பாலும் கற்பனையே. மூலையிற் குவித்துக் கொளுத்தப்படுவது அடுப்பும் வேண்டாத மரம். அதனை எரிப்பதால் எவருக்கும் சோறு வேகுவதில்லை. வளவு வெறுமையாகத் தெரிவதொன்றே கண்ட பயன். உண்மையான போட்டி காய்ந்து நிமிர்ந்து நிற்கும் பட்ட மரம் ஒன்றைப் பற்றியே எழுகின்றது. அது நல்ல விறகுமாகும், நல்ல வீடுமாகும்.

வேலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்கொப்புகளை அடுக்கிக் கட்டும் அலம்பல் வேலி வறியோரின் வேலி. அதனுள்ளே புலுனிகள் கூட்டமாகத் திரியும். ஓணானும் அறணையும் கீரியும் ஒதுங்கும். பணம் வந்ததும் முதலில் மறைவது இவ்வேலியே. அவ்விடத்திற் சீமெந்துத் தூணும் முட்கம்பியும், பின்னர் மதிலும் எழுகின்றன. வசதி குறைந்த வளவு வசதி மிக்க வளவைக் காட்டிலும் அதிக உயிர்களுக்கு இடமளிக்கின்றது. இதனை வறுமையின் பெருமையாகப் பாடுவது பிழை. அவ்வேலிக்குரியவர் மதில் கட்ட விரும்புவதிற் குற்றமேதுமில்லை. ஆயினும் அம்மதிலின் விலையில் ஒரு பகுதியைப் புலுனிகள் செலுத்துகின்றன என்பது கணக்கில் வரவேண்டும்.

இனி உரிமை பற்றிய வினாவுக்கு வரலாம். காணி ஒருவருடையது, ஆகவே காணியில் நிற்கும் பட்ட மரமும் அவருடையது என்பது சட்டத்தின் விடை. சொத்துரிமைக்கு மெய்யியல் அடிப்படை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஜோன் லொக். 1689ஆம் ஆண்டு வெளிவந்த அரசாங்கம் பற்றிய தம் இரண்டாம் ஆய்வுரையில், பொதுவாகக் கிடக்கும் இயற்கைப் பொருளோடு ஒருவர் தம் உழைப்பைக் கலக்கும்போது அது அவருடையதாகின்றது என்றார். இவ்வுரிமைக்கு இரண்டு வரம்புகளையும் இட்டார்: பிறருக்குப் போதிய அளவும் அதே தரத்திலும் எஞ்சியிருக்கவேண்டும், எடுத்த பொருள் கையிற் கெட்டழிய விடலாகாது. பறித்த பழம் அழுகினால், கொன்ற மானின் இறைச்சி நாறினால், அவன் பிறர் பங்கைக் கவர்ந்தவனாகின்றான்.

சிக்கனத்துக்கு இதனைவிடச் சிறந்த அறவாதம் அரிது. ஆனால் லொக் மேற்கொண்ட அளவுகோலை அவர் நினையாத இடத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையான விளைவு ஒன்று தோன்றுகின்றது. பட்ட பனையில் எவருடைய உழைப்புக் கலந்துள்ளது? காணிக்காரர் அதனை நட்டிருக்கலாம், நடாமலும் இருக்கலாம். வன்னியிற் பல பனைகள் தாமே முளைத்தவை. நாட்கணக்காக அலகால் இடித்துப் பொந்து அமைத்தது மரங்கொத்தி. உழைப்பே உரிமையின் ஊற்று எனின் அப்பொந்தின் உறுதிப்பத்திரம் அதன் பெயருக்கு எழுதப்படவேண்டும். லொக் இதற்கு உடன்படார். விலங்குகள் மனிதர்க்கென்றே படைக்கப்பட்டவை என்பது அவர் கொள்கை. எனின் உரிமையைத் தருவது உழைப்பன்று, மனிதனாயிருத்தல் மட்டுமே என்ற முடிவு பின்தொடர்கின்றது. அம்முடிவுக்குத் தனியாக ஒரு நியாயம் வேண்டும். உழைப்பைப் பற்றிய வாதம் அந்நியாயத்தைத் தாராது. அவ்வாறே, நிலத்திற் கிடந்து உக்கும் கட்டை கெட்டழிவதாக அவருக்குத் தோன்றியிருக்கும். உண்மையில் அது கெடவில்லை, உண்ணப்படுகின்றது. உண்பவரைக் காணாத கண்ணுக்கே அது அழிவு.

இது வெறுந் தருக்க விளையாட்டன்று என்பதை இந்நாட்டின் வரலாறு உணர்த்தும். பயிரிடப்படாத நிலம் பாழ்நிலம் என்ற கருத்து லொக்கின் நூலில் மட்டும் தங்கிவிடவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் பாழாகவும் குடியற்றும் பயிரின்றியும் கிடக்கும் நிலங்கள், மறுதலையாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொண்டது. 1897ஆம் ஆண்டில் வந்த சட்டமோ பாழ்நிலக் கட்டளைச் சட்டம் என்றே பெயர் பெற்றது. சேனை செய்துவிட்டு மண் ஆறுதற்காகச் சில ஆண்டுகள் விட்டுவைத்த நிலமும், மாடு மேய்ந்த காடும், விறகும் தேனும் எடுத்த காடும் குடியானவரின் கண்ணிற் பாழல்ல. ஆயினும் பாழ் என்று பெயரிடும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. நிலம் போயிற்று. ஒன்றைக் கழிவென்றும் பாழென்றும் அழைப்பது அதில் ஏலவே வாழ்வோரை இல்லாதவராக்கும் செயல் என்பதை இலங்கைக் குடியானவர் தம் இழப்பின்வழி அறிந்தனர். அதே சொல்லை அவர்தம் வழித்தோன்றல்கள் மரங்கொத்தியின் வீட்டுக்கு வழங்கும்போது அவ்வரலாறு சிறிய அளவில் மீண்டும் நிகழ்கின்றது.

அவ்வாறாயின் பட்ட மரத்தை விட்டுவைப்பது ஒரு கொடையா? தமிழ் மரபு கொடையைப் பேரளவிற் கற்பனை செய்துள்ளது. பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். இவை அரசர் செயல்கள். முல்லைக்குத் தேர் வேண்டியிருந்ததா என்று எவரும் கேட்டிலர். கொடையிற் கொடுப்பவனே நடுவிடத்தில் நிற்கின்றான். விட்டுவைத்தல் வேறு வகையானது. அதிற் கொடுப்பவர் என்று ஒருவர் இல்லை. எடுப்பதை ஓரிடத்தில் நிறுத்திக்கொள்பவர் மட்டுமே உண்டு. விவிலியத்தின் லேவியராகமம் வயலின் ஓரங்களை முற்றாக அறுக்காமலும் சிந்திய கதிரைப் பொறுக்காமலும் எளியவருக்கும் அந்நியருக்கும் விட்டுவிடுமாறு விதிக்கின்றது. அக்கதிர் உழவன் மனமிரங்கி அளித்த பிச்சையன்று. அறுவடையிலேயே அவனுக்குச் சேராத பங்கு. திருக்குறளில் இல்லறத்தான் பேணவேண்டிய ஐவருள் விலங்குகள் இடம்பெறவில்லை என்பது கவனத்துக்குரியது. வடமொழி அறநூல்கள் கூறும் ஐவகை வேள்விகளிலோ பிறவுயிர்க்கு உணவிடுதலும் ஒன்று. ஆனால் வள்ளுவர் கொல்லாமையைக் கூறவந்த இடத்தில் உணவைப் பங்கிடுதலையும் பிறவுயிரைப் பேணுதலையும் ஒருசேர வைத்து, நூலோர் தொகுத்த அறங்களுள் அதற்குத் தலைமையிடம் தருகின்றார். கொல்லாமல் விடுவதும் பங்கை விடுவதும் ஒரே அடக்கத்தின் இரு முகங்கள் என்பது இதனாற் பெறப்படும். சனிக்கிழமை விரதத்தன்று காகத்துக்குச் சோறு வைக்கும் வீடுகள் பல. அவ்வீட்டு வளவிலேயே காகமல்லாத உயிர்களின் இருப்பிடம் குவிந்து எரிவதும் உண்டு.

எனினும் இவ்வறத்தை எவரிடம் வற்புறுத்துவது என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. அமெரிக்க அறிஞர் அல்டோ லியோபோல்டின் வாழ்வு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அவர் 1935ஆம் ஆண்டு விஸ்கொன்சின் ஆற்றங்கரையில் மண்வளம் கெட்டுக் கைவிடப்பட்ட பண்ணை ஒன்றை வாங்கினார். அங்கு எஞ்சியிருந்த ஒரே கட்டடம் கோழிக்கொட்டில். அதனையே மனைவி மக்களோடு செப்பனிட்டு, ஆற்றுவெள்ளம் அடித்துவந்த பலகைகளையும் பயன்படுத்தி, மின்னிணைப்பில்லாத சிறு குடிலாக்கினார். மின்னல் தாக்கிப் பட்ட ஓக் மரம் ஒன்றை அறுத்துக் கணப்பில் எரித்தார். நோயுற்றுப் பொந்துவிழுந்த வேறு மரங்களின் நோயே பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் அரணானதைக் கண்டு அதனை வரவேற்றார். ஒன்றை எரித்தல், ஒன்றை விடுதல் ஆகிய இரண்டும் அவர் இறந்த மறுவருடம், 1949இல், வெளிவந்த நூலில் முரணின்றி அமைந்துள்ளன. நில அறம் என்ற கருத்தும் அந்நூலிலேயே விரிவாக எழுதப்பட்டது. ஆனால் லியோபோல்ட் சம்பளம் பெற்ற பேராசிரியர்; குடில் அவருக்கு வாரவிறுதி வாழ்க்கை. விரும்பி மேற்கொண்ட எளிமைக்கும் வந்து கவிந்த வறுமைக்கும் இடையேயுள்ள தூரம் பெரிது. விறகு தீர்ந்தால் முன்னவர் நகரத்து வீட்டுக்குத் திரும்பலாம்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது சமையல் எரிவாயு கிடையாமல் நகரத்தாரும் விறகுக்குத் திரும்பினர். அந்நாட்களில் ஒரு பட்ட மரத்தை ஆந்தைக்காக விட்டுவைக்குமாறு விறகுக்கட்டுச் சுமந்து செல்பவளிடம் கூறுவது அறிவுரையாகாது, அவமதிப்பாகும். பசித்த பிள்ளையின் சோற்றுக்கு முன் வண்டின் உரிமை நில்லாது. இதனை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ளாத எந்த இயற்கையறமும் வசதிபடைத்தோரின் பொழுதுபோக்காகவே முடியும். ஆனால் இவ்வொப்புதலை எல்லா நாளுக்கும் பொதுவான அனுமதியாக நீட்டுவதும் நேர்மையன்று. நெருக்கடி நாளின் நியாயத்தைச் சாதாரண நாளிற் காட்டி மரம் எரிப்போரிற் பலர் பசித்தோரல்லர்.

தீங்கு பற்றிய வாதம் இதனினும் வலியது. கட்டைக் குவியலில் விரியன் ஒதுங்கும். வன்னியிற் பாம்புக்கடி வெறும் கதையன்று. உக்கும் தென்னங்குற்றியிலும் எருக்குவியலிலும் காண்டாமிருக வண்டு பெருகும். அது தன் வளவின் தென்னையை மட்டுமன்றி அயலாரின் தென்னையையும் குருத்தில் துளைத்துக் கெடுக்கும். வீட்டுச் சுவரையொட்டிக் கிடக்கும் கட்டை கறையானைக் கூரைக்கு அழைத்துவரும். ஆதலின் மரத்தையெல்லாம் கிடக்க விடுக என்ற பொதுவிதி இரக்கம்போலத் தோன்றினும் அறியாமையேயாகும். பட்ட தென்னையைப் பிளந்து எரிப்பதே அயலாருக்குச் செய்யும் கடமை. குவியல் வீட்டுக்கும் கிணற்றடிப் பாதைக்கும் தொலைவில், பிள்ளைகள் விளையாடா மூலையில் இருக்கவேண்டும். எந்த மரம், எந்த இடம், எந்த உயிர் என்று அறியாத அன்பு பிறர் செலவில் நடத்தப்படும் அன்பாகிவிடும்.

இவ்வாறு நன்மை தீமை பார்க்கத் தொடங்கியதும் பயன்வாதம் முன்வருகின்றது. ஆந்தை எலியைத் தின்னும். கருவண்டு கொடித்தோடையின் பூவில் மகரந்தம் சேர்க்கும், அதன் பருத்த உடலுக்கு அப்பூவின் அமைப்புப் பொருந்துவதுபோலச் சிறு தேனீயின் உடலுக்குப் பொருந்தாது. கறையான் மண்ணைக் கிளறி வளமாக்கும். ஆகவே மரத்தை விட்டுவைப்பது இலாபம் எனப்படுகின்றது. இவை அனைத்தும் உண்மை. உழவரிடம் முதலிற் சொல்லத்தக்கவையும் இவையே. ஆனால் இலாபத்துக்காக விட்டுவைத்தவர், கொடித்தோடைக்கு விலை வீழ்ந்த ஆண்டில் கருவண்டின் கொப்பை அடுப்பில் வைப்பார். அவர்மேற் குறைகூற அவ்வாதத்தில் இடமில்லை. மேலும் உக்கிய கட்டையில் வாழ்பவற்றிற் பெரும்பாலானவை எவருக்கும் பயன்படாதவை, பெயர்கூட அறியப்படாதவை. 1789இல் பெந்தாம் விலங்குகளைப் பற்றிக் கேட்ட கேள்வி, அவற்றால் துன்புற முடியுமா என்பது. அக்கேள்வி மாட்டுக்கும் கிளிக்கும் விடை தருகின்றது. மரத்தினுள்ளே இருக்கும் புழுவிடத்திற் தடுமாறுகின்றது. பயனும் துன்பமும் கைவிட்டபின்னரும் ஒரு நியாயம் எஞ்சுகின்றது: அவை அங்கு முன்னரே குடியிருக்கின்றன. குடியிருப்பு முழுவுரிமையைத் தராதிருக்கலாம். வெளியேற்றுபவர் காரணம் காட்டவேண்டும் என்ற கடப்பாட்டையாவது தரும். அடுப்பு ஒரு காரணம். அயலாரின் தென்னை ஒரு காரணம். வளவு துப்புரவாகத் தெரிவது காரணமாகப் போதாது.

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வட நிலத்தின் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டவை ஒருபுறம், எறிகணையால் வட்டிழந்து மொட்டையாக நின்றவை ஒருபுறம். பனையின் புறவைரம் கடியது, உட்சோறு மெதுமையானது. ஆதலால் வட்டிழந்த பனை உள்ளே உக்கிக் குழாய்போலாகி, வெளியே நெடுங்காலம் நிமிர்ந்து நிற்கும். கிளிக்கும் மைனாவுக்கும் இதைவிடப் பொருத்தமான வீடு வேறில்லை. மீண்டு வந்தோர் சிலருக்கு அம்மொட்டைப் பனை பார்க்கச் சகியாத நினைவுச்சின்னம். சிலருக்குக் கொட்டில் போடுவதற்கான மரம். தறித்தவரைக் குறைகூற யாருக்கும் தகுதியில்லை. விட்டுவைத்தவர் எதற்காக விட்டார் என்பதும் ஒன்றாக இராது.

இவ்வாராய்ச்சியில் இதுவரை உழவர், காணிக்காரர் என்றே பேசப்பட்டது. உண்மையில் விறகு பொறுக்குபவள் பெண், அடுப்பூதுபவளும் அவளே, புகை செல்வதும் அவள் கண்ணுக்கே. மூன்று கல் அடுப்பை விட்டு, இலங்கையிற் பரவியுள்ள அனகி என்னும் களிமண் அடுப்புக்கு மாறினால் அதே சோறு குறைந்த விறகில் வேகும், புகையும் குறையும். பட்ட மரத்தை விட்டுவைக்கும் அறத்துக்கு இதனைக் காட்டிலும் உறுதியான பொருளடிப்படை இல்லை எனலாம். எரிப்பதிற் சிக்கனம் செய்தவளிடமே விடுவதற்கு மரம் இருக்கும். மாரிக்கு முன் விறகு அடுக்கும் புரட்டாதி மாதத்தில் அவள் பார்க்கும் கணக்கு எளிமையானது: காய்ந்த கட்டு எத்தனை இருக்கின்றது, அது எத்தனை நாளுக்குப் போதும், எல்லைப் பனையில் இவ்வாண்டு கிளி வந்திருக்கின்றதா இல்லையா.